முடிந்த வேலையைத் தொடங்க அனுமதி கோருதல் – தொடர்பாக

தேன்கனிக்கோட்டையில், பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு பழைய வீட்டில், கூடத்துக்கும் பின்கட்டு அறைக்கும் இடையே உள்ள தொலைவு பதினோரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். இத்தொலைவை நடந்து கடக்க ஒரு மனிதருக்குப் பதினைந்து விநாடி போதும். சௌந்தரராஜனின் துணைவியார் ஜெயமணி, கையில் நிறைந்த காபித் தம்ளருடன், ஒரு சொட்டும் சிந்தாமல் பதிமூன்று விநாடியில் கடந்திருக்கிறார். அதற்குப் பதிவேடு உண்டு. ஆனால் ஒரு நீல நிறக் கம்பி இதே தொலைவைக் கடப்பதற்கு ஐந்து நாள்களும் நாற்பத்தொரு கையொப்பங்களும் தேவைப்பட்டன. அதன் வரலாறு பின்வருமாறு.

அவ்வீட்டைக் கட்டியவர் கோவிந்தப்பன் என்னும் கேழ்வரகு வியாபாரி. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, கருங்கல்லும் சுண்ணாம்புமாக, இரண்டேகால் அடி கனத்தில் அவர் சுவர் எழுப்பினார். திருடர்கள் உள்ளே வரக்கூடாது என்பது நோக்கம். திருடர்கள் வரவில்லை. பிற்காலத்தில் வைஃபை என்று ஒன்று வந்தபோது, சுவர் அதையும் திருடர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. கூடத்தில் தொலைக்காட்சிக்கு அருகே வைத்த இணையப் பெட்டியில் ஐந்து விளக்குகளும் பச்சையாக ஒளிர்ந்தன. நடுச்சுவருக்கு அப்பால் ஒரு வாட்ஸ்அப் வணக்கம்கூடப் போய்ச் சேரவில்லை.

அந்த வீட்டைக் கோவிந்தப்பனின் வாரிசுகளிடமிருந்து வாங்கிய சௌந்தரராஜன், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பிரேக் உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, தரப் பிரிவின் துணை மேலாளராக ஓய்வு பெற்றவர். பிரேக் பிடிக்கிறதா என்பது வேறொரு பிரிவின் பொறுப்பு. பிடிப்பதாகக் காகிதம் இருக்கிறதா என்பதே இவருடைய பொறுப்பு. முப்பத்தொரு ஆண்டுகளில் எந்தத் தணிக்கையாளரும் இவருடைய கோப்பில் ஒரு குறையும் கண்டதில்லை. இதன் இரகசியம் எளியது. மற்றவர்கள் தணிக்கைக்கு முந்தின நாள் உட்கார்ந்து, கடந்துபோன மாதத்தின் பதிவேடுகளை அவசரமாக நிரப்புவார்கள். சௌந்தரராஜன் தொலைநோக்கு உடையவர். வரப்போகிற மாதத்துக்கும் சேர்த்து நிரப்பிவிடுவார்.

ஓய்வு என்பது தொழிற்சாலைக்குத்தானே தவிர ஒழுங்குமுறைக்கு அல்ல என்று அவர் கருதினார். ஆகவே வீட்டுக்கூடத்தின் தரையில் ஜப்பானிய முறைப்படி மஞ்சள் கோடுகள் இடப்பட்டன. செருப்பு நிற்க ஒரு கட்டம், துடைப்பம் சாய ஒரு கட்டம், பூனைக்கு ஒரு கட்டம். எரிவாயு உருளையின் கழுத்தில் ஆய்வு அட்டை தொங்கியது. எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குத் தனி அட்டை. ஜெயமணி, ‘இல்லப் பாதுகாப்புப் பிரதிநிதி’ என்னும் பதவியில் அமர்த்தப்பட்டார். நீட்டிய இடத்தில் கையொப்பமிடுவது அப்பதவியின் கடமை. எதையும் அவர் படித்துப் பார்த்ததில்லை. படித்துக்கொண்டிருந்தால் சோறு குழைந்துவிடும் என்பது அவருடைய நிலைப்பாடு.

நிற்க. மகன் ஆனந்த், புனேயில் ஏதோ ஓர் ஆலையை நிறுவும் பணியில் ஆறு மாதமாக இருந்தான். மருமகள் சுப்ரியா பெங்களூரு நிறுவனம் ஒன்றின் வேலையைக் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் பூனைக் கட்டத்துக்கும் நடுவில் அமர்ந்து பார்த்துவந்தாள். ஒரு புதன்கிழமை அவளுக்குச் சுற்றறிக்கை வந்தது. வீட்டிலிருந்து பணிபுரிவோர் அனைவரும் கதவுள்ள தனி அறையில், கம்பிவழி இணைய இணைப்புடன் பணிபுரிய வேண்டும். வரும் திங்கட்கிழமை சரிபார்ப்பு அலுவலர் நேரில் வருவார். தகுதி பெறாதோர் மறுநாள் முதல் நாள்தோறும் அலுவலகம் வர வேண்டும்.

நாள்தோறும் அலுவலகம் என்பதன் பொருள், காலை ஐந்தே காலுக்கு ஓசூர்ப் பேருந்து, அங்கிருந்து அத்திப்பள்ளி நெரிசல், இரவு ஒன்பதரைக்கு வீடு. சுப்ரியாவின் நான்கு வயது மகள் பிரியதர்ஷினி, விழித்திருக்கும் அம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்க்கலாம்.

சுப்ரியா பதறவில்லை. “மாமா, நம்ம சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டா நடுச்சுவத்துல ஒரு ஓட்டை போட்டு, கேபிளைப் பின்கட்டு ரூமுக்கு இழுத்துக் குடுத்துட்டுப் போயிடுவாரு. அரை நாள் வேலை” என்றாள்.

சௌந்தரராஜன் இரக்கத்தோடு புன்னகைத்தார். அரை நாள் வேலை என்று தொடங்கிய விபத்துகளின் கோப்பு மட்டுமே அவரிடம் இரண்டு அலமாரி இருந்தது. தாமே இப்பணியை ஏற்று நடத்துவதாகவும், திங்கட்கிழமை வருகிற அலுவலர் வாழ்நாளில் காணாத ஒரு கம்பியைக் காண்பார் என்றும் அவர் வாக்களித்தார். இவ்வாக்கு பின்னர் ஒரு வகையில் நிறைவேறவும் செய்தது.

வியாழன் காலை சென்னகிருஷ்ணன் வந்தார். அஞ்செட்டிச் சாலையில் நிலமுள்ள குடும்பம். யானைகள் தின்றது போக மிஞ்சிய கேழ்வரகு வீட்டுக்குப் பற்றாததால், இணையக் கம்பி இழுக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டவர். வீட்டில் தெலுங்கும், கடைவீதியில் கன்னடமும், வாடிக்கையாளரிடம் தமிழும் பேசுவார். மூன்று மொழிகளிலும் பொறுமைசாலி. ஒரு கையில் துளைபோடும் ட்ரில், மறு கையில் நீலக் கம்பிப் பெட்டி, தோளில் ஏணி என்று வந்தவர் வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டார்.

முதலில் ட்ரில் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. பிறகு சென்னகிருஷ்ணன் ஏற்றப்பட்டார். அவருடைய சட்டையில் ‘வருகையாளர் – 001’ என்ற அட்டை குத்தப்பட்டது. பத்து ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர் தாம் என்பதை அவர் நினைவூட்டினார். அப்போதெல்லாம் அட்டை அச்சாகியிருக்கவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. அதன்பின் நாற்பது நிமிடப் பாதுகாப்பு விளக்கவுரை. ஆபத்துக் காலத்தில் அனைவரும் கூடவேண்டிய இடம் கொல்லையிலுள்ள முருங்கை மரத்தடி. எதிர்பார்க்கப்படும் ஆபத்துகள் நான்கு: தூசி, மின் அதிர்ச்சி, தவறி விழுதல், யானை.

“யானை எதுக்கு சார்?” என்றார் சென்னகிருஷ்ணன்.

“போன மாசம் ரெண்டு தெரு தள்ளி வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சுங்க.”

“அப்ப வாய்ப்பு, நடுத்தரம். துளை போட்டுக்கிட்டு இருக்கும்போது யானை வந்தா என்ன செய்யணும்னு மூணாம் பக்கத்துல இருக்கு. வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“யானை வந்தா நான் மூணாம் பக்கம் பார்க்க மாட்டேங்க சார். ஓடிப்புடுவேன்.”

சௌந்தரராஜன் சற்றுச் சிந்தித்து, ‘தொழிலாளிக்கு ஓடத் தெரியும், பயிற்சி தேவையில்லை’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

துளை விழவேண்டிய இடம் தரையிலிருந்து ஏழடி உயரம். ஆறடிக்கு மேல் ஏறுகிறவர் இடுப்பில் பட்டை கட்டி, அதை உறுதியான ஒன்றில் மாட்டியாக வேண்டும். கூடத்து விட்டத்தில் உறுதியானதாக இருந்தது ஒரு தொட்டில் கொக்கி. அதில் கடைசியாகத் தொங்கிய பாரம் பிரியதர்ஷினி; எடை ஒன்பது கிலோ. சென்னகிருஷ்ணனோ எழுபத்தெட்டு. சான்றில்லாத கொக்கியில் ஒரு மனித உயிரை மாட்டுவதற்குச் சௌந்தரராஜன் உடன்படவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை காலை, பக்கத்துக் கடையிலிருந்து இருபத்தாறு கிலோ அரிசி மூட்டைகள் ஆறு வரவழைக்கப்பட்டு, ஒவ்வொன்றாகக் கொக்கியில் ஏற்றப்பட்டன. கொக்கி தாங்கியது. நான்காவது மூட்டை தாங்கவில்லை. தையல் பிரிந்து, அரிசி முழுதும் பூனையின் கட்டத்தில் கொட்டியது. இது கொக்கியின் குறையன்று, மூட்டையின் குறை என்று தனி அறிக்கை எழுதப்பட்டது. மூட்டைகளைத் தூக்கி மாட்டிவிட்டு, பட்டை கட்டியபடி ஏணியடியில் காத்திருந்த சென்னகிருஷ்ணன், கைப்பேசியில் யாருக்கோ கன்னடத்தில், தாம் இன்னும் இரண்டு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல், மூல காரணம் காணும் ஆய்வு நடைபெற்றது. இதுவும் ஜப்பானிய முறைதான். ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டால் அதன் வேர் கைக்கு வந்துவிடும். கம்பி ஏன் இழுக்க வேண்டும்? வைஃபை போகவில்லை. ஏன் போகவில்லை? சுவர் கனமானது. சுவர் ஏன் கனமானது? வீடு பழையது. பழைய வீட்டை ஏன் வாங்கினோம்? வாடகை வீட்டில் கிணறு இல்லை என்று ஜெயமணி சொன்னார். ஏன் சொன்னார்? இதற்கு விடை கிடைக்காததால், ‘மூல காரணம்: ஜெயமணி. தீர்வு: ஜெயமணிக்குத் தகுந்த பயிற்சி அளித்தல்’ என்று எழுதி, பயிற்சி அளிக்கப்பட்டதாக அடுத்த பக்கத்தில் பதிந்து, இரண்டு பக்கங்களையும் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கையொப்பம் பெற்றார். ஜெயமணி வழக்கம்போல் கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு ஒப்பமிட்டார். அன்றைய சாம்பாரில் மட்டும் உப்பு கூடுதலாக இருந்தது. அதற்குக் காரணம் ஆராயப்படவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, அரிசி மூட்டைகள் தாங்கிய கொக்கியில் தம்மை மாட்டிக்கொண்டு, சென்னகிருஷ்ணன் ஏணியில் ஏறினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவு நிலையின் ஓரத்தில் சாண் போட்டு அளந்தார். பிறகு இறங்கிவிட்டார்.

“துளை போடற பிட் ஒரு அடிதாங்க சார் இருக்குது. சுவரு ரெண்டே கால் அடி. மூணடி பிட்டு ஓசூருல கிடைக்கும். மதியத்துக்குள்ள போயி வந்துட்றேன்.”

“தாராளமா.”

“ட்ரில்லையும் எடுத்துக்கினு போறேன் சார். பொருந்துதான்னு பார்த்துத்தான் வாங்கணும்.”

“அதுக்கு வெளியேற்றுச் சீட்டு வேணும்.”

“குடுங்க சார்.”

“வேலை முடிஞ்சாத்தான் கருவி வெளியே போகலாம். விதி அப்படி.”

“வேலை முடியணும்னா கருவி வெளியே போகணும் சார்.”

சாதாரண மனிதராயிருந்தால் இவ்விடத்தில் விதியைத் தளர்த்தியிருப்பார். ஆனால் சௌந்தரராஜன் இத்தகைய முடிச்சுகளை அவிழ்த்தே பதவி உயர்வு பெற்றவர்.

“ஒண்ணும் பிரச்சினை இல்லை. வேலை முடிஞ்சதாக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார்.

சென்னகிருஷ்ணன் பதினான்கு இடங்களில் ஒப்பமிட்டார். எப்படியும் திங்கட்கிழமைக்குள் கோப்பு தயாராக வேண்டியதுதானே என்று, சௌந்தரராஜன் அவர் புறப்பட்ட கையோடு மற்றப் பக்கங்களையும் நிரப்பினார். துளையின் விட்டம், பன்னிரண்டு மில்லிமீட்டர். சுவரின் நிலை, விரிசல் இல்லை. தூசி, அகற்றப்பட்டது. இணைய வேகம், 94.6. முழு எண் எழுதினால் தணிக்கையாளருக்கு ஐயம் தோன்றும். புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் இருந்தால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கடைசிப் பக்கத்தில் ‘பணி முழுமையாக நிறைவுற்றது’ என்று எழுதி, முத்திரை குத்தி, ஊதி உலர்த்தினார். பிறகு நடுச்சுவரில், துளை இருந்திருக்க வேண்டிய இடத்தில், ‘சான்றளிக்கப்பட்ட கம்பிவழி – இங்கு துளையிடாதீர்’ என்ற சிவப்பு ஒட்டுத்தாளையும் ஒட்டினார்.

ஓசூரில் ஒரு கடையில் இல்லையென்று இன்னொரு கடை, அங்கும் இல்லையென்று சூளகிரி வரை அலைந்து, ஞாயிறு காலை மூன்றடிப் பிட்டோடு சென்னகிருஷ்ணன் திரும்பினார். அதை வேல்போல் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வாசலில் நிற்க, சௌந்தரராஜன் பதிவேட்டைப் பிரித்தார். நெடுநேரம் பார்த்தார்.

“எந்த வேலைக்கு வந்திருக்கீங்க?”

“என்னா சார், நம்ம ஓட்டைதான்.”

“அந்த வேலை நேத்தே முடிஞ்சுபோச்சே.”

“எங்க சார் முடிஞ்சுது? ஒட்டின காகிதந்தான் இருக்குது.”

“நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

சென்னகிருஷ்ணன் தம் கையெழுத்தைப் பார்த்தார். அது அவருடையதுதான். மூன்று மொழிகளிலும் இருந்த பொறுமை அத்தோடு தீர்ந்தது. தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

சௌந்தரராஜன் நிலைமையைச் சுப்ரியாவுக்கு விளக்கினார். முடிந்த வேலையைத் தொடங்க அனுமதி வழங்க விதியில் இடமில்லை. மறுபணி செய்யலாம், அதற்குக் குறைபாட்டு அறிக்கை வேண்டும். குறைபாட்டைக் கண்டறிய ஆய்வு வேண்டும். ஆய்வு செய்ய அதிகாரம் பெற்றவர் நாளை வரவிருக்கும் அலுவலர். அவர் வந்து கம்பி இல்லை என்று எழுதியவுடனே, அன்று மாலைக்குள் கம்பி இழுத்துவிடலாம்.

“அவரு இல்லைன்னு எழுதிட்டா, அப்புறம் கம்பி எதுக்கு மாமா? நான்தான் இங்க இருக்க மாட்டேனே.”

அவர் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தம் முத்திரையைச் சரிபார்த்தார்.

“அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுடலாமா?”

பக்கங்களுக்கு எண் இட்டிருந்தது. ஆனால் காரணம் அதுவன்று. முப்பத்தொரு ஆண்டுகளில் அவர் பொய் எழுதியிருக்கிறார், எழுதியதைக் கிழித்ததில்லை. சுப்ரியா அதன்பின் வாதாடவில்லை. ஒரு துண்டுத்தாளில் ‘5.15 பஸ்’ என்று எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, தான் போன பிறகு அடிக்கும் அலாரத்தை நிறுத்த மகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். அத்தாளில் ஆவண எண் இல்லை, தேதி இல்லை, ஒப்புதல் இல்லை. சௌந்தரராஜன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். எண் போடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சமையலறையிலிருந்து ஜெயமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏங்க, வீட்டுக்கு விருந்தாளி வந்தா உங்க புத்தகத்துல ஏத்தணுமா?”

“விருந்தாளிக்குத் தேவையில்லை. வேலை செய்ய வர்றவங்களுக்குத்தான்.”

“சரி” என்ற ஜெயமணி, வாசலை நோக்கித் திரும்பி, “தம்பி, அந்த அட்டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க. காபி குடிக்கலாம். அந்த நீலப் பெட்டியை வெயில்ல வைக்காதீங்க, கையோட கொண்டாங்க” என்றார்.

கோவிந்தப்பன் தம் குடும்பத்தார் மழைக்காலத்தில் துணி உலர்த்துவதற்காக, கூடத்திலிருந்து பின்கட்டு வரை விட்டத்தில் வரிசையாகச் சிறு இரும்புக் கொக்கிகள் அடித்துவைத்திருந்தார். ஒவ்வொரு கதவு நிலைக்கு மேலும் காற்றோட்டத்துக்காகக் கை நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தார். அவ்வழியே ஒரு நைலான் கொடிக்கயிறு ஓடிக்கொண்டிருந்தது. ஜெயமணி ஒரு முக்காலியில் ஏறி நைலான் கயிற்றை அவிழ்த்தார், அதன் முனையில் நீலக் கம்பியைக் கட்டினார், பின்கட்டிலிருந்து இழுத்தார். கயிறு வந்தது, அதன் பின்னாலேயே கம்பியும் வந்தது. விருந்தாளியாகிய சென்னகிருஷ்ணன் காபி ஆறும் நேரத்துக்குள் இரு முனைகளிலும் பிளக் பொருத்தினார். இவையெல்லாம் நடந்த வேளையில் சௌந்தரராஜன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பதிவில் இல்லாத ஒன்றைக் காண்பது முறையன்று. அன்று அவர் ஏல அறிவிப்புகளைக்கூட இரண்டு முறை படித்தார்.

“94.1 வருது அத்தை!” என்று பின்கட்டிலிருந்து சுப்ரியாவின் குரல் கேட்டது.

செய்தித்தாளுக்குப் பின்னால் சௌந்தரராஜன் முகம் சுளித்தார். பதிவேட்டில் இருந்தது 94.6. கம்பிதான் சற்றுப் பின்தங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது.

“இந்த வழி தெரிஞ்சா வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம் இல்லீங்களாம்மா? அரிசி மூட்டையெல்லாம் தூக்கினேன்” என்றார் சென்னகிருஷ்ணன்.

“யாரு என்னைக் கேட்டாங்க? மூல காரணம் ஜெயமணின்னு எழுதிக் கையெழுத்துத்தான் வாங்கினாங்க” என்றார் ஜெயமணி.

செய்தித்தாள் சற்றே தாழ்ந்தது. ஆண்டுக்கணக்கில் எதையும் படிக்காதவர், அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு இருபதுக்குச் சரிபார்ப்பு அலுவலர் ஹரீஷ்குமார் வந்து சேர்ந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவக்கட்டு, முகத்தில் பதினான்கு வீடுகளின் களைப்பு. சுப்ரியா அவரைப் பின்கட்டு அறைக்கு அழைத்தாள். அவர் நகரவில்லை.

“இருக்கட்டும் மேடம். ஃபைல் ஏதாவது இருக்குதா?”

சௌந்தரராஜன் எழுந்தார். இரு கைகளாலும் கோப்பை ஏந்தி வந்து, அவர் முன்னால் வைத்தார். ஹரீஷ்குமார் முதல் பக்கத்தைப் புரட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுமதிச் சீட்டு, வழித்தட வரைபடம், கொக்கியின் சுமைச் சான்று, யானை. அவருடைய களைப்பு பக்கத்துக்குப் பக்கம் இறங்கியது.

“காலையிலேருந்து எல்லா வீட்லயும் கேபிளைக் காட்றாங்க சார்” என்றார். “கேபிளை வச்சுக்கினு நான் என்ன பண்றது? என் ஃபார்ம்ல கேபிளுக்குக் கட்டமே இல்லை. டாக்குமெண்டுக்குத்தான் கட்டம். எல்லாரையும் ஃபெயில் பண்ணிட்டு வர்றேன்.”

அப்படிச் சொன்னபடியே அவர் தம் படிவத்தை எடுத்தார். அதில் இந்த வீட்டுக்கான பக்கம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்ததைச் சௌந்தரராஜன் கவனித்தார். ஆய்வு நேரம் மாலை 4.15 என்று எழுதியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. அறையின் நீள அகலங்கள்கூட, புள்ளிக்குப் பின் ஓர் எண்ணோடு, இருந்தன. முடிவுக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

கைதேர்ந்த தச்சன் ஒருவன் இன்னொரு தச்சனின் இழைப்பைத் தடவிப் பார்ப்பதுபோல் சௌந்தரராஜன் அதைப் பார்த்தார். ஹரீஷ்குமாரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

“காபி சாப்பிடுங்க” என்றார் சௌந்தரராஜன்.

முடிவுக் கட்டத்தில் ‘தகுதி’ என்று எழுதப் பேனா இறங்கிய தருணத்தில், கையில் மை ஒட்டியிருப்பதைக் கண்ட ஹரீஷ்குமார், கைகழுவப் பின்பக்கம் போனார். போனவர் பாதி வழியில் நின்றார். தலையை உயர்த்தினார்.

“சார், கேபிள் சுவத்துக்குள்ள போகுதுன்னு ஃபைல்ல இருக்குது. மேல நீலமா ஒண்ணு ஓடுதே, அது எந்த கேபிள்?”



கோப்பில் உள்ள கம்பி ஒன்று. வீட்டில் உள்ள கம்பியும் ஒன்று. ஆனால் அவை வெவ்வேறு கம்பிகள். அப்படியானால் மொத்தம் இரண்டு. இரண்டாவது கம்பி யாருடையது? கணக்கில் வராத கம்பி வழியே நிறுவனத்தின் இரகசியங்கள் வெளியே போகலாம். விதி பதினான்கின்படி, பதிவில் இல்லாத கம்பி காணப்பட்டால் அன்றே தகுதி நீக்கம் என்று ஹரீஷ்குமார் வருத்தத்தோடு தெரிவித்தார். வீட்டில் இருந்த ஒரே கம்பி, அதிகப்படியான கம்பி என்று ஆயிற்று. சுப்ரியாவின் பார்வை குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த துண்டுத்தாளுக்குப் போயிற்று.

அப்போது கிணற்றடியிலிருந்து ஈரத்துணி வாளியோடு வந்த ஜெயமணி, வழியில் நின்ற அலுவலரைச் சற்று ஒதுங்கச் சொன்னார். ஒரு துண்டை உதறினார். நீலக் கம்பியின்மேல் போட்டார். பக்கத்தில் பிரியதர்ஷினியின் கவுனைப் போட்டார். அதற்கும் பக்கத்தில் சௌந்தரராஜனின் வேட்டியைப் போட்டு, நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

“கொடி தம்பி” என்றார். “மழை நாள்ல துணி வேற எங்க காயப்போடறது?”

ஹரீஷ்குமார் தலைக்கு மேல் சொட்டிய நீரைத் துடைத்துக்கொண்டார். கொடியின் போக்கைக் கண்ணால் தொடர்ந்தார். அது பின்கட்டு அறைக்குள் நுழைந்து, மேசைக்கு இறங்கி, மடிக்கணினியில் முடிந்தது.

“லேப்டாப்ல செருகி இருக்குதே அம்மா?”

“இறுக்கிக் கட்டலைன்னா தொய்ஞ்சு போயிடுது.”

ஹரீஷ்குமார் ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. தம் வாழ்வில் அறிந்த ஒரே கேள்வியை அவர் சௌந்தரராஜனை நோக்கிக் கேட்டார்.

“கொடிக்குப் பதிவேடு இருக்குதா சார்?”

சௌந்தரராஜன் ஒரு கணம் சுப்ரியாவைப் பார்த்தார். அவளுடைய இடுப்பில் குழந்தை இருந்தது. “இல்லாமல் என்ன? அலமாரியில் இருக்கிறது. நீங்கள் காபியைக் குடியுங்கள்” என்று, அச்சிட்ட தமிழிலேயே சொல்லிவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஏழு நிமிடங்கள் முப்பத்தொரு ஆண்டு அனுபவத்தின் சிகரம். நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி, மூன்று மாதத்துக் கொடிப் பதிவுகளை அவர் எழுதினார். துணி போட்ட நேரம், காய்ந்த நேரம், எடுத்தவர், சரிபார்த்தவர். இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டு, ‘ஊருக்குச் சென்றதால் துவைக்கவில்லை’ என்று காரணம் குறித்தார். இரண்டு பக்கங்களின் மூலையில் எச்சில் தொட்டுப் புரட்டிய தடம் வைத்தார். ஒரு பக்கத்தில் காபித் துளி விழச்செய்தார். பழக்கத்தின் காரணமாக, வருகிற மாதத்தையும் நிரப்பிவிட்டார்.

ஹரீஷ்குமார் அதைப் பக்கம் பக்கமாகப் படித்தார். காபித் துளியைக் கண்டதும் அவர் கண் கலங்கிற்று என்று சுப்ரியா பிற்பாடு ஆனந்திடம் சொன்னாள். ‘தகுதி’ என்று எழுதி, நேரத்தை மட்டும் திருத்தாமல், “ஆயித்து சார்” என்று, வேலை முடிந்ததைக் கன்னடத்தில் சொல்லிக் கைகூப்பி விடைபெற்றார். குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த தாளைச் சுப்ரியா எடுத்துக் கசக்கினாள். பதிவு செய்யப்படாத ஆவணமாதலால் அதை அழிப்பதற்குச் சௌந்தரராஜன் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

கதை இத்துடன் நின்றிருந்தால் நலம். ஆனால் ஒரு நல்ல கோப்பு வீட்டோடு நிற்பதில்லை. இரண்டு வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. சரிபார்ப்பில் முதலிடம் பெற்ற இல்லம் இனி அனைவருக்கும் முன்மாதிரி. வீட்டிலிருந்து பணிபுரிவோர் ஒவ்வொருவரும் நீல நிறக் கொடி ஒன்று, பதினோரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் நீளத்தில், கட்டியிருக்க வேண்டும். பணி நேரத்தில் அதில் குறைந்தது மூன்று ஈரத்துணிகள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேட்டியாக இருத்தல் நலம். சுவருக்குள் முறையாகக் கம்பி பதித்தவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. இரண்டறை வீட்டில் குடியிருந்த ஒரு பெண், அத்தனை மீட்டரையும் கட்டிலைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே குனிந்து போய்வருவதாகக் கேள்வி. பெங்களூரு அலுவலகத்தின் ஆறாவது மாடியிலும் கொடி கட்டப்பட்டது. காவலாளி காலை ஒன்பது மணிக்கு மூன்று துணிகளை நனைத்துப் போட்டுக் கையொப்பமிடுகிறார். வேட்டி அவருடையது.

சென்னகிருஷ்ணன் இப்போது குருபரப்பள்ளி வரை வீடு வீடாகப் போகிறார். ட்ரில் எடுத்துச் செல்வதில்லை, விருந்தாளியாகவே போகிறார். ஒரு நாளைக்கு ஒன்பது காபி ஆகிவிடுவதால் தூக்கம்தான் வருவதில்லை என்கிறார்.

ஐப்பசி பிறந்தது. தேன்கனிக்கோட்டையில் அடைமழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் சுப்ரியா தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு, 94.1 வேகத்தில் வேலை பார்க்கிறாள். கொடியில் கிடக்கும் வேட்டியைப் பிழிந்தால் இன்னும் தண்ணீர் வடிகிறது. பதிவேட்டின்படி அது காய்ந்து மூன்று நாள் ஆகிறது.

ஆகவே சௌந்தரராஜன் அதை எடுத்து உடுத்திக்கொண்டார்.